பெருந்துறை ரோட்டில் எவ்வளவு கொடுக்கும்?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 43. ஈரோட்டில் வீடு, பெருந்துறை சிப்காட்டில் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. தினமும் போகவர 40 கிலோமீட்டர், நானேதான் ஓட்டுகிறேன். மாதம் ஒருமுறை குடும்பத்தோடு சத்தியமங்கலம் போவோம். வருடத்தில் இரண்டு மூன்று தடவை திம்பம் ஏறித் தாளவாடி. இப்போது இருப்பது 2014ஆம் வருடத்துச் சின்னக் கார். முன்பு லிட்டருக்கு 17 கிலோமீட்டர் கொடுத்தது, இப்போது 14ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. என் அத்தைக்கு முழங்கால் வலி, வாக்கர் இல்லாமல் நடக்க முடியாது. தாழ்வான சீட்டிலிருந்து அவரை எழுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. அதனால் ஒரு சின்ன எஸ்யூவி வாங்கலாம் என்றிருக்கிறோம். எல்லாச் செலவும் சேர்த்து 12 லட்சம்தான் முடியும். ஷோரூமில் 20 மைலேஜ் என்கிறார்கள். கொழுந்தனார் டீசல்தான் என்கிறார். ஆபீஸில் ஒருவர், ஹைபிரிட் வாங்குங்கள், 28 கொடுக்கும் என்கிறார். பையனுக்கு சன்ரூஃப் வேண்டும். வாங்கினால் பத்து வருடம் வைத்திருப்போம். அதிக மைலேஜ் தரும் வண்டி எது?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்:

அன்புள்ள சகோதரி,

40 கிலோமீட்டர், 12 லட்சம், பத்து வருடம், வாக்கர் என்று நான்கு விஷயங்களைத் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். இந்த நாலும் தெரிந்தால் வண்டியைத் தேர்ந்தெடுத்துவிடலாம். இவை இல்லாமல், நல்ல மைலேஜ் வண்டி எது என்று ஒரே வரியில் வரும் கடிதங்களுக்கு என்னால் உருப்படியாகப் பதில் எழுத முடிந்ததில்லை. 27 வருடமாகப் பட்டறை நடத்துகிறேன். ஒரே மாடல், ஒரே வருடம், ஒரே என்ஜின் உள்ள இரண்டு வண்டிகளில் ஒன்று 11 கொடுக்கும், இன்னொன்று 17 கொடுக்கும். எந்த ரோடு, எவ்வளவு தூரம், யார் கால் என்பதைப் பொறுத்துத்தான் மைலேஜ்.

முதலில் இப்போதிருக்கும் காரைப் பார்ப்போம். 17 எப்படி 14 ஆனது என்று தெரிந்தால், புது வண்டியில் அதே இழப்பு வராமல் பார்த்துக்கொள்ளலாம். பெட்ரோலில் 2022 வாக்கில் 10 சதவீதமாக இருந்த எத்தனால் கலப்பு இப்போது 20 சதவீதம். ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள எரிசக்தி, பெட்ரோலில் உள்ளதில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான். அந்தக் கணக்குப்படி 10லிருந்து 20க்கு மாறியதில் மூன்று, நான்கு சதவீதம் குறையலாம். அதாவது உங்கள் 17 என்பது 16.4 ஆகியிருக்க வேண்டும். மிச்சமுள்ள இரண்டு கிலோமீட்டருக்கு மேல் எங்கே போனது? டயர் காற்று, ஏர் ஃபில்டர், தேய்ந்த க்ளட்ச், விடாமல் உரசிக்கொண்டிருக்கும் பிரேக் என்று இவற்றில்தான் எங்கோ போயிருக்கும். ஒருநாள் பெருந்துறையிலிருந்து வீட்டுக்கு வந்து நிறுத்தியதும் நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட அதிகமாக அனல் அடித்தால் அங்கே பிரேக் பிடித்தபடியே இருக்கிறது என்று அர்த்தம். சரி செய்ய பெரிய செலவு ஆகாது. வண்டியை விற்பதாக இருந்தாலும் அதைச் சரி செய்துவிட்டே விற்பது நல்லது, வாங்குகிறவர் உங்களை நம்பித்தான் வாங்குகிறார்.

இனி ஷோரூமில் சொன்ன 20. அது பொய்யில்லை. புனேயில் உள்ள ஏஆர்ஏஐ போன்ற சோதனைக்கூடங்களில் எடுக்கப்படும் எண் அது. வண்டியைச் சாலைக்குக் கொண்டுபோக மாட்டார்கள். உருளைகள் மேல் சக்கரத்தை நிறுத்தி, வகுத்து வைத்த ஒரு கால அட்டவணைப்படி ஓட்டுவார்கள். மொத்தம் 1180 வினாடி, இருபது நிமிடத்துக்கும் குறைவு. அதில் உச்ச வேகமே 90தான். சராசரி வேகம் 32ஐ ஒட்டி. ஏசி போடுவதில்லை. பின்சீட்டில் அத்தையும் இல்லை, டிக்கியில் மூட்டையும் இல்லை. எல்லா வண்டியையும் ஒரே மாதிரி ஓட்டிப் பார்ப்பதால் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட அந்த எண் உதவும். ஆனால் ஈரோட்டு சித்திரை வெயிலில் ஏசியை முழுதாக வைத்துக்கொண்டு, பெருந்துறை ரோட்டில் பஸ் பின்னால் நின்று நின்று போகிறவருக்கு அது வராது. என் அனுபவத்தில், சாதாரண பெட்ரோல் வண்டிக்கு அந்த எண்ணில் முக்கால் பங்கு கிடைத்தால் நன்றாக ஓட்டுகிறீர்கள் என்று அர்த்தம். 20 என்றால் 15.

உங்கள் கணக்கை நீங்களே எடுத்துப் பாருங்கள். இப்போதைய காரிலேயே தொடங்கலாம். பங்கில் டேங்க் நிரப்பச் சொல்லுங்கள். முதல் தடவை ஆட்டோ கட் ஆனதும் நிறுத்திவிட வேண்டும். "ரவுண்டா போட்டுடட்டுங்களாக்கா?" என்று பங்க் பையன் கேட்பான். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அந்த ஒரு கேள்வியில்தான் பாதிப் பேருடைய மைலேஜ் கணக்கு கெட்டுப்போகிறது. ட்ரிப் மீட்டரை பூஜ்யமாக்குங்கள். இரண்டு வாரம் வழக்கம்போல ஓட்டிவிட்டு அதே பங்க், அதே பம்பு, அதே ஆட்டோ கட். 412 கிலோமீட்டர் ஓடி, 28.6 லிட்டர் பிடித்தால் 14.4. இப்படி மூன்று தடவை எடுத்துச் சராசரி போடுங்கள். டேஷ்போர்டு திரை காட்டும் எண்ணை இதற்கு எடுத்துக்கொள்ள வேண்டாம். என் பட்டறைக்கு வந்த வண்டிகளில் அது பெரும்பாலும் கொஞ்சம் தாராளமாகவே காட்டியிருக்கிறது. எஸ்யூவி வைத்திருப்பவர்களிடம் விசாரிக்கும்போதும், எவ்வளவு கொடுக்கிறது என்று கேட்டதோடு விடாமல், எப்படி எடுத்தீர்கள் என்றும் கேளுங்கள்.

இப்போது ரூபாய்க்கு வருவோம். வேலைக்குப் போகவர மாதம் 1000 கிலோமீட்டர், சத்தியமங்கலம், தாளவாடி, உள்ளூர் ஓட்டம் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 14,000 என்று வைத்துக்கொள்கிறேன். பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 93, சிஎன்ஜி என்ற இயற்கை எரிவாயு கிலோ 92 என்று போடுகிறேன். நீங்கள் படிக்கும்போது மாறியிருந்தால் அந்த விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். 15 கொடுக்கும் பெட்ரோல் வண்டிக்கு வருடச் செலவு சுமார் 94,000 ரூபாய். 17 கொடுத்தால் 83,000. வித்தியாசம் வருடத்துக்கு 11,000, மாதம் 900 ரூபாய்ச் சொச்சம். ஷோரூம் ஷோரூமாக ஏறி, இது 18.9, அது 19.7 என்று கணக்குப் பார்க்கிறோமே, அந்த வித்தியாசம் நிஜ ரோட்டில் மாதம் 400 ரூபாயைக்கூடத் தொடாது. டயர் காற்றைச் சரியாக வைத்தாலே அதில் பாதி மிச்சமாகிவிடும்.

வண்டி விலையில்தான் பெரிய பணம் போகிறது. அதிலும் இரண்டு கோடுகளைக் கவனிக்க வேண்டும்.

முதல் கோடு ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும், பெட்ரோல் என்றால் 1200 சிசிக்கு மிகாத என்ஜினும், டீசல் என்றால் 1500 சிசிக்கு மிகாத என்ஜினும் உள்ள கார்களுக்கு 18 சதவீத வரி. இதில் ஒன்று தாண்டினாலும் 40 சதவீதம். மாருதி பிரெஸ்ஸாவை எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் 3995 மில்லிமீட்டர், அளவுக்குள்தான் இருக்கிறது. ஆனால் பெட்ரோல் என்ஜின் 1462 சிசி. அதனால் 40. அதே நீளமுள்ள ஃப்ரான்க்ஸ் 1.2 லிட்டரில் வருவதால் 18. பிரெஸ்ஸா நல்ல வண்டி, நாலு சிலிண்டர் என்ஜின், அதிர்வில்லாமல் ஓடும், எந்த ஊரிலும் சர்வீஸ் கிடைக்கும். ஆனால் அதற்குக் கொடுக்கும் பணத்தில் வரியின் பங்கு அதிகம் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

இரண்டாவது கோடு நம் தமிழ்நாட்டுச் சாலை வரி. 2023 நவம்பரில் மாற்றினார்கள். 5 லட்சத்திலிருந்து 10 லட்சம் வரையிலான காருக்கு 13 சதவீதம், 10ஐத் தாண்டி 20 லட்சம் வரை 18 சதவீதம். இது ஒரே தடவை கட்டுகிற ஆயுள் வரி, முழு விலைக்கும் போடுவது. 9.90 லட்சம் வண்டிக்கு வரி 1,28,700. வேரியன்ட் ஒரு படி ஏறி 10.30 லட்சம் ஆனால் வரி 1,85,400. ஷோரூமில் நாற்பதாயிரம்தானே அதிகம் என்று தலையாட்டிவிட்டு வந்தால் கையிலிருந்து போவது ஏறத்தாழ 97,000. உங்கள் 12 லட்சத்துக்கு இதுதான் எல்லைக்கல். ஷோரூம் விலை 10 லட்சத்துக்குள் நின்றால் வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து 12க்குள் வரும். தாண்டினால் வராது.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு ஆபீஸ் நண்பர் சொன்ன ஹைபிரிட்டைப் பார்ப்போம். கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் இரண்டையும்தான் அவர் மனதில் வைத்துச் சொல்லியிருப்பார். பெட்ரோல் என்ஜினோடு ஒரு மின்மோட்டாரும் சேர்ந்ததுதான் ஹைபிரிட். 1490 சிசி என்ஜின், சோதனை எண் 27.97. நல்ல தொழில்நுட்பம், எனக்குப் பிடித்தது. சிக்னலில் நிற்கும்போது என்ஜின் அணைந்துவிடும். பிரேக் பிடிக்கும்போது வீணாகப் போகும் சக்தியை ஒரு சின்ன பேட்டரியில் சேர்த்து, மறுபடி நகர அதையே எடுத்துக்கொள்ளும். சென்னை, பெங்களூர் நெரிசலில் வருடம் 25,000 ஓட்டுகிறவருக்கு அது கைமேல் பலன். திறந்த ரோட்டில் ஒரே வேகத்தில் போகும்போது பிரேக்கே பிடிப்பதில்லை, சேமிக்க அங்கே என்ன இருக்கிறது? உங்கள் ரோட்டில் 22 கொடுக்கும் என்று தாராளமாகவே வைத்தாலும் வருடச் செலவு 64,000. பெட்ரோல் வண்டியைவிட 30,000 மிச்சம். ஷோரூம் விலை 16 லட்சம் என்று வைத்தால் சாலை வரியோடு 18.88 லட்சம். 9.5 லட்சம் பெட்ரோல் வண்டி வரியோடு 10.74. எட்டு லட்சத்துக்கு மேல் வித்தியாசம், மீட்க 27 வருடம். அது பெரிய வண்டி, வசதியும் கூட, அதனால் இந்த ஒப்பீடு முழு நியாயம் இல்லைதான். ஆனால் உங்கள் கையில் இருப்பது 12 லட்சம். இன்னொன்று, கிராண்ட் விட்டாராவின் சாதாரண பெட்ரோலில் டிக்கி 373 லிட்டர், ஹைபிரிட்டில் பேட்டரி இடத்தை எடுத்துக்கொள்வதால் 265. வாக்கரை வைத்துவிட்டுப் பையை எங்கே வைப்பது?

கொழுந்தனார் சொல்வதை நான் ஒரேயடியாகத் தள்ள மாட்டேன். டீசலுக்கு இழுவை அதிகம், திம்பம் ஏற்றத்தில் அது புரியும். அவர் பார்த்த காலத்து டீசல் வேறு என்பதை மட்டும் சொல்ல வேண்டும். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி உண்டு. அதில் சேரும் கரி தானாக எரிய வேண்டுமானால் என்ஜின் நன்றாகச் சூடேறி, பதினைந்து இருபது நிமிடம் நிற்காமல் ஓட வேண்டும். என்னிடம் வந்த ஒரு துணிக்கடைக்காரருக்கு வீட்டிலிருந்து கடை மூன்று கிலோமீட்டர். எட்டு மாதத்தில் மூன்று தடவை விளக்கு எரிந்து வந்தார். ஆயில் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் ஆயில் குறைவதற்குப் பதில் கூடியிருந்தது, முகர்ந்தால் டீசல் வாடை. எரிக்க ஊற்றிய டீசல் பாதியில் நின்று நின்று ஆயிலுக்குள் இறங்கியிருந்தது. வண்டியில் ஒரு பழுதும் இல்லை, அந்த ஓட்டத்துக்கு அந்த வண்டி ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். அவருக்கு யாரும் வாங்கும்போது இதைச் சொல்லவில்லை என்று எனக்கு இன்றும் வருத்தம்.

உங்களுக்கு அந்தப் பிரச்சினை வராது. ஒரு நடைக்கு 20 கிலோமீட்டர், அதில் பாதி தடையில்லாத ரோடு. கணக்குத்தான் இடிக்கிறது. டீசல் 18.5 கொடுத்தால் வருடத்துக்கு 70,000, மிச்சம் 24,000. ஆனால் 9.5 லட்சம் பெட்ரோல் வண்டியின் டீசல் வடிவம் 1.2 லட்சம் அதிகம் என்று வைத்தால் 10.7. அந்தப் பத்து லட்சக் கோட்டைத் தாண்டிவிட்டோம். வரி வித்தியாசம் மட்டும் 69,000. மொத்தம் 1.9 லட்சம், மீட்க எட்டு வருடம். நீங்கள் பத்து வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்பதால் கடைசி இரண்டு வருடம் லாபம் வரலாம். அதற்குள் சர்வீஸ் செலவில் அது கரைந்துவிடும் என்பது என் கணிப்பு. தினம் 80, 100 கிலோமீட்டர் ஓட்டுகிறவராக இருந்தால் நானே டீசல் வாங்குங்கள் என்று எழுதியிருப்பேன்.

உங்களிடம் யாரும் சொல்லாத ஒன்று சிஎன்ஜி. இது உங்கள் ஓட்டத்துக்குப் பொருந்தும். கிலோவுக்கு 20 கிலோமீட்டர் என்று வைத்தால் வருடச் செலவு 64,000 சொச்சம். ஹைபிரிட் தருகிற அதே மிச்சம், 30,000. கூடுதல் விலை 95,000, வரியோடு 1.07 லட்சம் என்றால் மூன்றரை வருடத்தில் போட்ட பணம் திரும்பிவிடும், அதுவும் 10 லட்சத்துக்குள் நிற்கிற வேரியன்டாகப் பார்த்து எடுத்தால். குறையும் உண்டு. கேஸில் ஓடும்போது இழுவை குறையும். சிலிண்டரை மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட், அதாவது தண்ணீர் அழுத்தம் கொடுத்துப் பார்க்கும் சோதனை, செய்ய வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் சிலிண்டர் டிக்கியை அடைத்துக்கொள்ளும். இந்த இடத்தில்தான் டாடா நெக்ஸான் உங்களுக்கு வசதி. ஒரு பெரிய சிலிண்டருக்குப் பதிலாக இரண்டு ஒல்லிச் சிலிண்டர்களை டிக்கி தளத்துக்கு அடியில் படுக்க வைத்திருக்கிறார்கள். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ என்ஜினும் என்பதால் ஏற்றத்தில் திணறுவதும் குறைவு. மலைப்பக்கம் போகும்போது பெட்ரோலுக்கு மாற்றிக்கொள்ளலாம். கம்பெனியிலேயே பொருத்தி வருவதை மட்டும் வாங்குங்கள், வெளியில் பொருத்தினால் என்ஜின் வாரண்டிக்குச் சிக்கல் வரும்.

சிஎன்ஜி வேண்டுமா என்பதை முடிவு செய்ய ஒரு வேலை இருக்கிறது. நீங்கள் போகவர வழியில் உள்ள சிஎன்ஜி பங்கில், வேலை முடிந்து வரும் நேரத்துக்கே மூன்று நாள் நின்று பாருங்கள். எத்தனை ஆட்டோ, எத்தனை கார், உங்கள் முறை வர எவ்வளவு நேரம். பத்து நிமிடத்துக்குள் என்றால் வாங்கலாம். அரை மணி நேரம் என்றால் வேண்டாம். வாரம் இரண்டு தடவை நிரப்ப வேண்டியிருக்கும், சாயங்காலம் வீட்டுக்குத் திரும்புகிற ஒரு பெண்ணுக்கு அந்த அரை மணி நேரத்தின் அருமை எனக்குத் தெரியும்.

அத்தை விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு மைலேஜைவிட இது முக்கியமாகப் படுகிறது. எஸ்யூவி என்றால் உயரம், உயரம் என்றால் ஏறுவது சுலபம் என்று நினைக்கிறோம். பாதிதான் உண்மை. முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் எப்படி ஏறுகிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? கதவைப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்று, முதலில் முதுகுப்பக்கமாக சீட்டில் உட்கார்ந்துவிடுவார்கள். அப்புறம்தான் ஒரு காலை எடுத்து உள்ளே வைத்து, இன்னொரு காலைக் கையால் தூக்கி வைப்பார்கள். அப்படி உட்கார சீட்டின் மேற்பரப்பு அவர் முழங்காலுக்கு மேல், இடுப்புக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். அதைவிடத் தாழ்ந்தால் எழுந்திருக்க முடியாது, இப்போது நீங்கள் படும் அவஸ்தை அதுதான். அதைவிட உயர்ந்தால் ஏறுவதற்கு எம்ப வேண்டும், அது இன்னும் ஆபத்து. கதவடி விளிம்பு அகலமாகவும் உயரமாகவும் இருந்தால் காலைத் தூக்கி உள்ளே வைப்பதற்குள் வலி கண்டுவிடும். பின்கதவு எவ்வளவு விரிகிறது, கூரை தலையில் இடிக்கிறதா, உள்ளே பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எந்த பிரசுரத்திலும் இந்த அளவு இருக்காது. அவரை ஷோரூமுக்கே அழைத்துப்போங்கள். ஒருதடவை ஏறி இறங்கச் சொன்னால் நன்றாகத்தான் இருக்கிறது என்பார், பெரியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். மூன்று தடவை ஏறி இறங்கட்டும், மூன்றாவது தடவை முகத்தைப் பாருங்கள்.

என்ஜின் பற்றி ஒரு வார்த்தை. டர்போ இல்லாத 1.2 லிட்டர் பெட்ரோல் தினசரி ஓட்டத்தில் சிக்கனம். ஆனால் ஐந்து பேர், ஏசி, திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவு என்று சேர்ந்தால் இரண்டாவது கியரில் உறும விட்டுத்தான் ஏற்ற வேண்டும். டர்போ என்றால் அந்தச் சிரமம் இல்லை. மூன்று சிலிண்டர் டர்போ காலுக்குத் தகுந்தபடி குடிக்கும், மெதுவாக மிதித்தால் 15, 16 தரும், மிதித்து ஓட்டினால் 11க்கு இறங்கும். வேகமும் அப்படித்தான். 80லிருந்து 100க்குப் போனால் காற்று எதிர்ப்பது ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது, அதுவும் எஸ்யூவி மாதிரி நிமிர்ந்த வண்டியில். பெருந்துறை தாண்டி நெடுஞ்சாலையில் ஏறினால் 80லேயே வைத்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால் மூன்று வண்டிகளை ஓட்டிப் பாருங்கள்: டாடா நெக்ஸான், மஹிந்திரா எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ, ஸ்கோடா கைலாக். மூன்றும் நான்கு மீட்டருக்குள், மூன்றின் டர்போ பெட்ரோலும் 1200 சிசிக்குள், அதனால் 18 சதவீத வரி. மூன்றும் பாரத் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியவை. பையனும் அத்தையும் ஏறுகிற வண்டி, அதனால் நட்சத்திரத்தை விட்டுக்கொடுத்து ஒரு கிலோமீட்டர் மைலேஜ் வாங்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சிஎன்ஜி பங்கில் கூட்டம் இல்லையென்றால் நெக்ஸான் சிஎன்ஜி. இருந்தால் மூன்றில் அத்தைக்கு எது சுலபமோ அதன் பெட்ரோல் மேனுவல், 10 லட்சத்துக்குள் உள்ள நடு வேரியன்ட். கைலாக் பிடித்தால் சர்வீஸ் சென்டர் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டெஸ்ட் டிரைவை ஷோரூம் பின்னால் ஒரு சுற்று சுற்றி முடித்துவிடாதீர்கள். பெருந்துறை ரோட்டிலேயே, மதியம் மூன்று மணிக்கு, வீட்டில் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு, ஏசியைப் போட்டு ஓட்டக் கேளுங்கள். விற்க நினைக்கிறவர் தருவார். பின்சீட்டில் நடுவில் உட்காருபவருக்கும் மூன்று முனை பெல்ட் இருக்கிறதா, பின்னால் ஏசி காற்று வருகிறதா என்று பையனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அவன் சன்ரூஃப் பற்றியும் ஒன்று. ஈரோட்டு வெயிலில் வருடத்தில் ஒன்பது மாதம் அதன் திரையை மூடித்தான் வைத்திருப்பீர்கள், அந்தக் கண்ணாடி வழியாக வரும் சூட்டை ஏசிதான் சுமக்க வேண்டும். சன்ரூஃபுக்காக வேரியன்ட் ஏறினால் பத்து லட்சக் கோட்டையும் தாண்டுவீர்கள். அந்த 97,000 ரூபாய்க் கணக்கை அவனிடமே கொடுத்துப் போடச் சொல்லுங்கள், புரிந்துகொள்வான். 17, 18 அங்குலப் பெரிய சக்கரமும் வேண்டாம். 16 அங்குலம் போதும், டயர் மாற்றும்போது செலவும் குறைவு, குழியில் விழுந்தால் அத்தைக்கு அதிர்வும் குறைவு.

விலைப்பட்டியலை எழுத்தில் வாங்கி வரிவரியாகப் படியுங்கள். ஹேண்ட்லிங் சார்ஜ் என்று ஒரு வரி இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். இன்சூரன்ஸை அவர்களிடமே எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, வெளியில் இரண்டு இடத்தில் விலை கேட்டுவிட்டுப் போனால் அங்கேயே இறங்கி வருவார்கள். பழைய காருக்கு எக்ஸ்சேஞ்சில் எவ்வளவு, வெளியில் எவ்வளவு என்பதையும் முன்பே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த பிரேக்கைச் சரி செய்த பிறகு.

ஷோரூமுக்குப் போகிற அன்று அத்தையின் வாக்கரையும் எடுத்துப்போங்கள். மடக்கி டிக்கியில் வைத்து, கதவை மூடிப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.